பிலோமினா மேலேயிருந்து பார்த்த கடல்

என் உசுருக்கு உசுரான மச்சான் அந்தோணிக்கு,

சுனாமிக்கு அப்புறம் நமக்குத் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தாங்களே, மஞ்சக்குப்பம் மைதானத்துல சர்க்கஸ் கூடாரம் காத்துல கிழிஞ்சுதே, என் மூத்த மவ பண்ருட்டிக்கு வாக்கப்பட்டுப் போனாளே, அந்த வருசம் ஐப்பசியிலதான் நீ கடலுக்குப் போன. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கிச்சு. எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியும். வாயால சொல்லித்தான் இதை எழுத வைக்கிறேன்.

நீ வலை காயப்போட்ட திட்டு இப்போ விமானத்திடல், மச்சான். நம்புவியா? சுத்தியும் உப்பங்கழி, நடுவுல கறுப்பா ஒரே ஒரு ரோடு. சின்னச் சின்ன விமானம் வருது. சிதம்பரம் கோபுரத்தையும் சுரபுன்னைக் காட்டையும் மேலேயிருந்து சுத்திக் காட்டுறாங்க. வசதியானவுங்க முழு விமானத்தையே வாடகை பேசிக்கிட்டு வந்து இறங்குறாங்க. இறங்குறதுக்கு முன்னாடி ஆட்டையும் கொக்கையும் ரோட்டுலேர்ந்து வெரட்டுறது என் வேலை.

காத்து எந்தப் பக்கம்னு பாக்க கம்பத்துல ஒரு துணிப்பை கட்டினாங்க. திருவிழாக் கொடியேத்தம்னு நெனச்சு நம்ம பொம்பளைங்க பூமாலையோட படகேறி வந்துட்டாங்க. உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி பிலோமினாதான் முன்னால. "எந்த அந்தோணியாருக்கும்மா இந்தக் கொடி?"ன்னு கேட்டா பாரு, எல்லாருக்கும் சிரிப்பு தாங்கல.

சிரிக்கிறாளே தவிர, உன் விசயத்துல அவ மாறவே இல்ல. கல்லறைத் திருநாளுக்கு இறந்தவுங்க பேரைப் பூசையில வாசிப்பாங்கல்ல, உன் பேரை ஒரு வருசமும் குடுக்கவிடல. "உசுரோட இருக்கிறவனுக்குச் செத்தவன் பூசையா? அந்தமான் பக்கம் ஒதுங்கியிருப்பான்"னுவா. வீட்டுல சண்டைன்னா கடைசியில அதே பேச்சுதான்: "எம் அண்ணன மூணே நாள் தேடிட்டு விட்டுட்டு வந்த ஆளுதான நீ." இத்தனை வருசம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் சோறு தின்னேன்.

போன மாசம் சுத்திப்பாக்க வந்தவுங்கள்ல ரெண்டு பேருக்குக் கடைசி நேரத்துல பயம் வந்துடுச்சு. ஏற மாட்டேன்னுட்டாங்க. பிலோமினா எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த நேரம் அது. விமானம் ஓட்டுற பொண்ணு வடலூர்க்காரி. "தாத்தா, சீட்டு சும்மாதான போவுது, பாட்டியோட ஏறிக்குங்க"ன்னா. ஏறுறதுக்கு முன்னாடி ஆளை எடை போட்டாங்க, மச்சான்! பிலோமினா தராசுல நின்னுக்கிட்டு, "வஞ்சிரம் வித்த கை இது, இப்ப என்னை என்ன வெலைக்குப் போடப் போறீங்க?"ன்னா.

மேலே போனதும் ரெண்டு பேரும் கண்ணாடியில முகத்தை ஒட்டிக்கிட்டோம். சிதம்பரத்து நாலு கோபுரமும் தாயக்கட்டத்துல வெச்ச காய் மாதிரி இருந்துச்சு. கடலூர் துறைமுகத்துல படகெல்லாம் சிந்தின புளியங்கொட்டை. அப்புறம் விமானம் கடல் பக்கம் சாஞ்சுச்சு. ஆத்துத் தண்ணி முகத்துவாரத்துல கலங்கலா கொஞ்ச தூரம் போயி நின்னுடுச்சு. அதுக்கு அப்பால நீலம். நீலத்துக்கு அப்பாலயும் நீலம். வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. பொறந்ததுலேர்ந்து அதுலதான் கெடந்தேன், அது இவ்வளவுன்னு யாரும் சொல்லலியே!

ஒரு படகு போயிக்கிட்டு இருந்துச்சு. அரிசியில கெடக்குற குருணை அளவு. பிலோமினா அதையே பாத்தா. ஓட்டுற பொண்ணுகிட்ட, "அதுல ஆள் இருக்காங்களா?"ன்னு கேட்டா.

"இருப்பாங்க பாட்டி. இங்கேர்ந்து தெரிய மாட்டாங்க."

படகு மறையிற வரைக்கும் பாத்துட்டு என் பக்கம் திரும்பினா. "இதுலயாய்யா மூணு நாள் தேடுனீங்க?"

ஆமான்னு தலையை ஆட்டினேன். அவ முந்தானையால என் முகத்தைத் தொடைச்சா. நான் அழுதது அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அவளே நடந்துபோயி உன் பேரைக் குடுத்துட்டு வந்தா. சாமியார் "அந்தோணி"ன்னு வாசிச்சப்போ என் கையைக் கெட்டியா புடிச்சிருந்தா. உனக்குக் கேட்டுச்சா மச்சான்?

உன்னைத் தேடி அன்னிக்கு நாலு பேர் படகெடுத்தோம். சூசை, 'தானே' புயல் அடிச்ச வருசம் போயிட்டான். மாணிக்கம் கொரோனாவுல போனான். டேனியல் போன சித்திரையில. இனிமே ஒரு வருசமும் உன் பேர் விடுபடாது. நான் பாத்துக்கறேன்.

உன்னைத் தேடி வந்தவுங்கள்ல இன்னும் இருக்கிற ஒருத்தன்,
உன் மச்சான்
சவரிமுத்து