தீனனுக்கு வாங்கிய சான்று

கூட்டேரிப்பட்டு
14.11.2024

அன்பு மகள் சித்ராவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவும் நானும் இருக்கிறோம்.

தினமும் போனில் பேசுகிற கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் என்னைப் பேச விடுவாள். இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மல்லாட்டை இந்தமுறை கைக்கு வரவில்லை. கடலை பிடுங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பாதி மண்ணிலேயே முளைத்துவிட்டது. பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால் தீனனை யார் பார்ப்பது என்று என்மேல் பாய்கிறாள்.

தீனனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எதை எதையோ எழுதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்விதான். புத்தி சரியில்லாத அண்ணன் பிற்பாடு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். எந்தக் காலத்திலும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டான் என்று சபையில் எழுந்து சொன்னவன் நான். இன்றைக்கு எனக்கு எழுபத்தொன்று, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். எங்களுக்குப் பிறகு அவனை ஓர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், அவன் பெயருக்கு மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வர வேண்டும் என்று திட்டம் போட்டேன். இரண்டுக்கும் ஊனச் சான்று வேண்டும். நாற்பது சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

மாசி மாதம் விழுப்புரத்தில் முகாம் என்றார்கள். உன் அம்மா அவனைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை வாரி அனுப்பினாள். பெரிய டாக்டர் பயப்படாமல் பதில் சொல் என்று பஸ்ஸில் நானும் சொல்லிக்கொண்டே போனேன். எங்களைப் போல் முட்டாள்கள் உண்டா? அவனும் பேர், ஊர், கிழமை எல்லாம் டாண் டாண் என்று சொன்னான். என்ன வேலை செய்வாய் என்று கேட்டதற்கு, “மோட்டாரு போடுவேன் சார், மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன், அம்மாவுக்குப் பேப்பர் படிச்சிக் காட்டுவேன்” என்றான். அந்த டாக்டர் சிரித்தார். “நல்லா இருக்காருங்க, சந்தோஷப்படுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க” என்று சொல்லி முப்பது சதவீதம் எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் நான் அவனைத் திட்டினேன். நாலு பேர் பார்க்கத் திட்டினேன். “நீங்கதானப்பா நல்லா பதில் சொல்லச் சொன்னீங்க” என்றான்.

மனு எழுதித் தரும் பூமாலை என்கிற ஆள், ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருப்பான். அவனிடம் புலம்பினேன். “மாத்திரைய நிறுத்திட்டு இருவது நாளு கழிச்சி இட்டுக்கினு வாங்க பெரியவரே. அவங்க கண்ணுக்குத் தெரியணும்ல. இப்படி சட்டை மடிப்பு கலையாம வந்து நின்னா யாரு எழுதுவாங்க?” என்றான். அவன்மேல் பழி போட மாட்டேன். அவன் வாயால் சொன்னான், நான் கையால் செய்தேன்.

தீனனுக்கு மாத்திரை கொடுப்பது எப்போதும் நான்தானே. அதே வெள்ளை நிறத்தில் சத்து மாத்திரை வாங்கிவந்து கொடுத்தேன். அம்மாவின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது, சித்ரா. “இது வேற மாதிரி இருக்கேப்பா” என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கம்பெனி மாறிப்போச்சுடா என்றேன். நான் சொன்னால் சரி என்று விழுங்கிவிட்டான்.

பத்து நாளில் தூக்கம் போயிற்று. மோட்டார் கொட்டகைக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அந்தப் பக்கம் போவதை நிறுத்தினான். மறுபடியும் முகாமுக்குக் கூட்டிப்போன அன்று பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டான். பேரைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டான். அறுபத்தைந்து சதவீதம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பழைய மாத்திரையை ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஏழு மாதம் ஓடிவிட்டது. திண்டிவனத்துக்கு எத்தனை நடை நடந்தோம், எத்தனை மருந்து மாற்றினார்கள்! போனில் நீ கேட்டபோதெல்லாம் தூங்குகிறான் என்று அம்மா சொன்னது பொய். அவனுக்கு இப்போது போன் என்றாலே பயம். போன வாரம் அம்மாவைத் தள்ளிவிட்டான், முழங்கையில் அடி. என் கையால் மாத்திரையை நீட்டினால் வாங்குவதில்லை. அவள்தான் கெஞ்சிக் கெஞ்சிக் கொடுக்கிறாள். நோய் தானாக முற்றிவிட்டது என்று நம்பி மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சான்றை லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். “நீங்க அலைஞ்சதாலதான் இதாவது கெடச்சிச்சி” என்று அவள் சொல்லும்போது எனக்கு அங்கேயே உயிர் போய்விடக்கூடாதா என்று இருக்கிறது.

போன மாதம் ஜெசிந்தா டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பதினோரு வருஷமாகத் திண்டிவனத்தில் அவனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா. என்னைத் திட்டவில்லை. அவனுடைய பழைய ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள், அத்தனை தடிமன். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, மாத்திரை இல்லாமல் அவன் எப்படி இருந்தான் என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. “இதைப் பார்த்து நான் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருப்பேனே. ஏன் எங்கிட்ட கேக்கல?” என்றார்கள். கவர்மென்ட் இடத்தில் தனியார் டாக்டர் கடிதம் செல்லாது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பொய்யாக எழுதச் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம் வேறு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழையபடி ஆவானா என்றதற்கு, சில பேர் திரும்புவார்கள், சில பேர் திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள்.

உதவித்தொகை வர ஆரம்பித்துவிட்டது. இல்லத்துக்கும் போய்க் கேட்டேன். சான்றைப் பார்த்தார்கள், அவனையும் பார்த்தார்கள். தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களைத்தான் சேர்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாசி மாதத்துத் தீனனை அவர்கள் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

சித்ரா, உன்னிடம் ஒன்றைக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தேன். இப்போது அதையே கேட்கிறேன். எங்களுக்குப் பிறகு உன் அண்ணனைத் தெருவில் விட்டுவிடாதே. சபையில் கொடுத்த வாக்கை மாமனார் மீறிவிட்டார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள். என்னை என்ன சொன்னாலும் தகும்.

பதில் எழுத வேண்டாம், கடிதம் அம்மா கையில் சிக்கிவிடும். உன்னால் முடியும் என்றால், அடுத்த முறை பேசும்போது பொங்கலுக்கு அண்ணனுக்குச் சட்டை அளவு என்ன என்று அவளிடம் கேள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், புரிந்துகொள்வேன். முடியாது என்றால் குழந்தையின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடு. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் வராது. நீ குடும்பத்தோடு நிறைவாக இருக்க வேண்டும், தாயே.

உன் அப்பா,
அப்பாதுரை