ஓடை வளைவில் மூன்றாவது கேமரா

ஜூன் 4, வியாழன்

வேலையில் சேர்ந்து ஒன்பது நாள். வனத்துறை அலுவலகத்தில் என் பதவியின் பெயர் மூன்று வரிக்கு நீளும். வேலை ஒரு வரிதான். ஓடைக்கரை மரங்களில் கட்டியிருக்கும் இரண்டு கேமராக்கள் எடுக்கும் படங்களைப் பார்த்து, என்ன விலங்கு, எத்தனை, எந்த நேரம் என்று கணினியில் ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரு சிறுத்தைக்காக. அது இதுவரை நான்கு முறை வந்திருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் நானூறு முறை வந்திருக்கிறார்கள். லாண்டரிக்காரர் கேமரா முன் நின்று தலை வாருகிறார். ஆடு மேய்க்கிறவர் சல்யூட் அடிக்கிறார். இயல்பாக நடப்பவை அவருடைய ஆடுகள் மட்டுமே.

மனிதர் படம் வந்தால் அழித்துவிடலாம் என்பது விதி. அழித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 6, சனி

தெருவே திரண்டு மனுவோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டது. முன்னால் என் அண்ணன், கோழிக்கடையை வேலைக்காரப் பையனிடம்கூட ஒப்படைக்காமல் பூட்டிவிட்டு.

“பிள்ளைங்க ஓடை வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

சரியான கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்த என்னைக் கை காட்டி, பத்தாவதோடு தான் நின்று இந்தத் தங்கச்சியைப் படிக்க வைத்த கதையைத் தொடங்கினான். கல்யாண வீடுகளில் சொல்வான், பஸ்ஸில் சொல்வான். இப்போது மனுவிலும் சேர்ந்துவிட்டது.

சிறுத்தை ஏன் இங்கேயே சுற்றுகிறது என்று ரேஞ்சர் கேட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் என்றான் அண்ணன். கைதட்டல்.

ஜூன் 9, செவ்வாய்

ஓடை வளைவில் மூன்றாவது கேமரா. யாருக்கும் தெரியாமல் கட்டியாயிற்று. வீட்டிலும் சொல்லாதே என்றார் ரேஞ்சர். வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ரகசியம் காப்பது இவ்வளவு சுலபமா?

ஜூன் 12, வெள்ளி

தையல்காரர் வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிப் போய்விட்டது. பட்டப்பகல், நாலரை மணி. அவருடைய மகள் — எட்டு வயசு — பள்ளி விட்டு அந்த நாயோடுதான் வந்துகொண்டிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது நாயைக் கட்டிய கயிறு அவள் கையில் இருந்தது. அவளுடைய அம்மா கேட்டும் தரவில்லை.

அண்ணன் வாசலில் நின்று வனத்துறையைத் திட்டித் தீர்த்தான். திட்டும்போது என்னைப் பார்த்தான். சின்ன அளவில் நானும் வனத்துறைதானே.

ஜூன் 15, திங்கள்

மூன்றாவது கேமராவின் படங்கள் வந்தன.

13ஆம் தேதி. காலை 5.12: மனிதன் ஒன்று, கையில் இரண்டு மூட்டை. 5.14: அதே மனிதன், வெறுங்கை. 5.40: நாய்கள் ஏழு. 6.05: சிறுத்தை.

11ஆம் தேதியும் இப்படியே. 14ஆம் தேதியும்.

முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. முதுகில் கிழிந்து பச்சை நூலால் தைத்த மஞ்சள் மழைக்கோட்டு. தைத்தது நான்.

கோழிக் குடலும் தலையும். அதற்கு நாய்கள். நாய்களுக்குச் சிறுத்தை.

பதிமூன்றாம் தேதி! நாய் போன மறுநாள். தெரிஞ்சே செய்றானா? தெரியாமலா? அந்தக் கடைக் கழிவெல்லாம் எங்கே போகுதுன்னு நான் என்னைக்காவது கேட்டேனா? கேட்காமலே தின்னு, கேட்காமலே படிச்சு, பட்டம் வாங்கினவதானே நானும்.

மனிதர் படத்தை அழித்துவிடலாம். விதியே இருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

அழிக்கவில்லை. சொல்லவும் இல்லை. என் தைரியத்தின் அளவு இதுதான்.

ஜூன் 17, புதன்

முதலில் அண்ணனிடமே சொல்வது நியாயம் என்று பட்டது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தான்.

“கேமரா இருக்குன்னு தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா நீ?”

“நீ அங்க கொட்டுறது எனக்குத் தெரியாதேண்ணா.”

“ஊரே கொட்டுது. அழிச்சிடு. இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?”

வீட்டுக்கு வரும் வழியில் அதற்கான பதிலை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் பிரமாதமாக இருந்தன.

ஜூன் 18, வியாழன்

காலையில் தையல்காரர் மகள் அவரோடு பள்ளிக்குப் போனாள். ஓடை வழியாகத்தான். வேறு வழி ஏது?

பதினொரு மணிக்குப் படங்களை ரேஞ்சர் மேசையில் வைத்தேன்.

“யாரும்மா இது?”

“எங்க அண்ணன் சார்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிச்சயமாகத் தெரியுமா என்றார். மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். வேலை நேரத்தில் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, சனி

கடைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது: இருபது நாள் பூட்டு, அதற்குள் கழிவுக்குக் குழி தோண்ட வேண்டும். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணி வழியாகத்தான் எல்லாம். “அந்த ஆபீசரம்மாவுக்குச் சாப்பாடு போடு.” நான் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா, ரெண்டு பேரும் என் பிள்ளைங்கதான் என்று சொல்லிவிட்டு, குழம்பில் இருந்த முட்டையை அண்ணன் தட்டில் வைத்தாள்.

ஜூன் 24, புதன்

அண்ணி தனியாகக் கிணற்றடியில் பிடித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “ஓடையில கொட்டாதீங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன் அவருகிட்ட. நான் சொன்னா யாரு கேக்குறா?” என்றாள். துணியை ஓங்கி அடித்தாள்.

ஜூலை 3, வெள்ளி

தெருக்கூட்டம். ஓடையில் கழிவு கொட்டுவதை எதிர்த்து முழங்கியவர் யார்? அண்ணன்தான். இதைத் தான் எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யார் கேட்டீர்கள் என்று குரல் தழுதழுத்தது. நன்றாகத்தான் பேசினான். பாதி பேர் அடுத்த நாளே தங்கள் மூட்டைகளுக்கு வேறு இடம் பார்ப்பார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 6, திங்கள்

மூன்றாவது கேமரா, இரண்டு வாரம்: நாய்கள் இரண்டு. சிறுத்தை ஒரே ஒரு முறை. நிற்காமல் போயிருக்கிறது.

ஜூலை 9, வியாழன்

குழியை அளக்க ரேஞ்சர் என்னை அனுப்பினார். ஆறடி ஆழம் வேண்டும். வேறு ஆள் இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன், டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்குப் பின்னால் அண்ணன் மண்வெட்டியோடு குழிக்குள் நின்றிருந்தான். முதுகெல்லாம் மண். அண்ணி அருகில் இல்லை. தூது அனுப்ப வேறு ஆளும் இல்லை. பிறகு நான் டேப்பை நீட்டினேன். கீழ்முனையை வாங்கிக்கொண்டான்.

நாலே முக்கால் அடி.

“ஆறுன்னு எழுதிக்கோ,” என்றான். மூன்று வாரத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

நாலே முக்கால் என்று எழுதினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மண்வெட்டியை எடுத்தான்.