வரைந்த கடல்

சேசு மரி சூசை துணை

முட்டம், 1938

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சொன்ன சித்திரப் படத்தை நாகர்கோவில் கொட்டகையில் பார்த்தேன். கையால் வரைந்த கடல் நிசமாகவே அலையடித்தது. மீன் செதில்கூட மின்னியது.

மனுசரைத்தான் சரியாக வரையவில்லை. கையில் எலும்பே இல்லாததுபோல வளைகிறது. கடலில் மூழ்கிய வலைக்காரனை ஒரு ஆமை சுமந்துவந்து கரையில் விடுகிறது. அவன் தலைமுடிகூட நனையவில்லை.

"அப்பாவும் இப்படி வருவாரா?" என்று பக்கத்தில் இருந்த லீமா கேட்டாள்.

"வரமாட்டாரு மக்கா" என்றேன்.

உன் மச்சானின் வள்ளம் காணாமல் போய்ப் பதினோரு மாசம். இத்தனை நாளும் இறந்தவர் பூசை வேண்டாம் என்று மறுத்தவள் நான். நேற்றுக் கோயிலுக்குப் போய்ப் பூசைக்குச் சொன்னேன். சாமியார் பேர் கேட்டார். முழுப்பேரையும் சொன்னேன். அழுகை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பூசை. கொழும்பில் நீயும் ஒரு மெழுகுதிரி கொளுத்து.

உன் அக்காள்