சாக்கடைக்கு மனு கொடுத்தோம், சொற்பொழிவு வந்தது

அனுப்புநர்:
துணி தேய்ப்புக் கடைக்காரி,
கடைசி வீடு, கீழ்ச் சந்து,
வாய்க்கால் தெரு.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கீழ்ச் சந்தின் சாக்கடை அடைப்பை நீக்கவும், சந்து முனையில் என் தங்கையின் படத்தோடு தொங்கும் பேனரை, அவள் பிள்ளையோடு வீடு திரும்பும் முன் அகற்றவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. சென்ற மாதம் எங்கள் சந்துக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். சாக்கடையில் மண் மேடிட்டிருக்கிறது, மழைக்கு முன் தூர் வார வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. தூர் வாரும் வண்டிக்குக் காத்திருந்தோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. "மக்கள்தொகைப் பெருக்கமும் சுற்றுச்சூழலும்" என்ற தலைப்பில் விழிப்புணர்வுக் கூட்டமாம். எங்கள் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டோம். நல்ல நடவடிக்கை ஐயா.

2. பேச வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். மேடையில் ஏறும்போதே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். "சாக்கடை ஏன் வழியுது? நீங்க பெருகிக்கிட்டே போனா அது வழியாம என்ன செய்யும்?" என்று கேட்டார். பிறகு கூட்டத்தைத் துழாவி என் தங்கையைப் பிடித்தார். அவள் அப்போது நிறைமாதம். நான் கடையில் இருக்கும் நேரமெல்லாம் என் பிள்ளைகள் மூவரும் தங்கள் சித்தியிடம்தான் இருப்பார்கள். அன்றும் ஒன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டும், ஒன்று தோளில் சாய்ந்துகொண்டும், கடைக்குட்டி காலைக் கட்டிக்கொண்டும் நின்றிருந்தன. "இந்தம்மாவப் பாருங்க. மூணு போதாதுன்னு நாலாவதும் வருது" என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னது சந்து முனையிலுள்ள என் கடை வரை கேட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாம் முறையாக அடிமேல் அடி வைத்து நடந்து காத்த வயிறு அது. பால்காரர் எழுந்து, "ஐயா, அதுக்கு இதுதான் தலைப்பிள்ளை" என்று கத்தினார். அதற்குப் பேச்சாளர், "கேட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க" என்றார். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். என் தங்கை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

3. சுற்றுச்சூழலைக் காக்க வந்தவர்களுக்குப் பசித்தது. தெர்மாகோல் தட்டுகளில் உணவும் பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீரும் வந்தன. பாதி தின்று பாதி எறிந்தார்கள். குப்பைத் தொட்டி கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் தங்கள் பணியாளர் ஒருவர், நகராட்சித் துடைப்பத்தால், அத்தனையையும் எங்கள் சாக்கடைக்குள் தள்ளினார். இது என்ன அநியாயம் என்று கேட்டேன். "ஏற்கெனவே சாக்கடைதானேக்கா" என்றார். எங்கள் சந்தில் எண்ணெய் டப்பா முதலில் எண்ணெய்க்கு, பிறகு தண்ணீருக்கு, ஓட்டை விழுந்தால் செடிக்கு. அதை எறிய எங்களுக்கு மனம் வராது. சீ, எங்களுக்கா ஐயா பாடம் நடத்த வந்தார்கள்!

4. ஆள் பெருகினால் தண்ணீரும் இடமும் பற்றாது என்பதை நான் மறுக்கவில்லை. விடிந்ததும் பொதுக் கழிப்பறை வாசலில் வாளியோடு வரிசையில் நிற்பவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் சந்தில் ஆள் பெருகியது பிரசவத்தால் அல்ல. சாலையை அகலப்படுத்துவதற்காக வாய்க்கால் கரையிலிருந்த குடும்பங்களை வெளியேற்றி, எங்கள் வீடுகளின் மாடிகளிலும் பின்கட்டுகளிலும் குடியேற்றியது தங்கள் அலுவலகம். ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினீர்கள், சாக்கடையை மட்டும் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டீர்கள். இப்போது வந்து, ஏன் பெருகினீர்கள் என்று எங்களையே கேட்கிறீர்கள்.

மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்கு நான் துணி தேய்த்துக் கொடுக்கிறேன். அங்கே இருப்பவர்கள் கணவன், மனைவி, ஒரே மகன். பேச்சாளர் மெச்சும் அளவான குடும்பம். அந்த மூவரின் துணிமூட்டையைத் தூக்கினால் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அவர்கள் கார் கழுவும் நீரும், நீச்சல் தொட்டியிலிருந்து திறந்துவிடும் நீரும் சரிவில் இறங்கி எங்கள் சாக்கடைக்குத்தான் வருகின்றன. தலையை எண்ணினால் அவர்கள் மூன்று பேர், அதனால் அங்கே பூமி தாங்குகிறதாம். அந்தத் தெருவுக்கு ஒலிபெருக்கி வண்டி ஒருநாளும் போனதில்லை.

5. இப்போதைய நிலை: மழை பிடித்துக்கொண்டது. தட்டுகளும் பாட்டில்களும் சாக்கடையின் வாயை அடைத்து, நீர் வீட்டுக்குள் ஏறிவிட்டது. தாங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எறிந்த சோறு ஊறிப் பொங்கி, அதில் புழு நெளிகிறது. மேட்டுத் தெருவின் சோப்பு நுரையும் பொதுக் கழிப்பறை நீரும் கலந்து என் தங்கையின் கட்டிலடியில் நிற்கிறது. அவள் கணவர் மூட்டை தூக்கிவிட்டு வந்த கையோடு வாளியால் மொண்டு ஊற்றுகிறார். மொள்ள மொள்ள ஏறுகிறது. பிள்ளைக்கென்று துவைத்து மடித்து வைத்த பழந்துணிகளை என் கடைக்குக் கொண்டுவந்து மறுபடி தேய்த்தேன். சூட்டில் அந்த நாற்றம் கிளம்பியது. தூக்கி எறிந்துவிட்டு அழுதேன்.

6. என் தங்கைக்கு மருத்துவமனையில் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். அங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்பதால், "நாளை மறுநாள் வீட்டுக்குக் கிளம்பிடும்மா" என்று செவிலியர் இன்று சொல்லிவிட்டார். போகச் சொன்ன வீட்டில் தரை தெரியவில்லை.

7. இதற்கெல்லாம் மேலாக அந்தப் பேனர். அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கி, அவள் மருத்துவமனைக்குப் போன பிறகு சந்து முனையில், வழியும் சாக்கடைக்கு நேர் மேலே கட்டியிருக்கிறார்கள். என் தங்கை, அவள் வயிறு, சுற்றிலும் என் பிள்ளைகள். கீழே சிவப்பு எழுத்தில், "மூன்று போதாதா? நான்காவதும் வேண்டுமா?" என்று இருக்கிறது. நாள் முழுதும் அதற்கு எதிரே நின்றுதான் நான் துணி தேய்க்கிறேன். போகிறவர் வருகிறவர் நின்று படித்து, இளித்துவிட்டுப் போகிறார்கள். அவிழ்க்கச் சொல்லித் தங்கள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். "மேலிடத்துல இருந்து உத்தரவு வரணும்க்கா. நீங்க கை வச்சா கேஸாயிடும்" என்றார். என் தங்கைக்கு இந்தப் பேனர் விஷயம் இன்னும் தெரியாது.

ஆகவே ஐயா, நாளைக்குள் ஆட்களை அனுப்பிச் சாக்கடையைத் திறந்துவிடுங்கள். தட்டுகளைத் தள்ளிய அதே துடைப்பத்தோடு வந்தாலும் சரி. அந்தப் பேனரை அவிழ்க்க உத்தரவிடுங்கள். பேச்சாளரிடமும் ஒரு வார்த்தை தெரிவியுங்கள்: அது நான்காவது அல்ல, தலைப்பிள்ளை. நான்காவதாகவே இருந்திருந்தாலும், பிறக்காத பிள்ளை சாக்கடையை அடைக்காது.

நாளை மறுநாள் காலை என் தங்கை தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த முனையைத் திரும்புவாள். எங்கள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. அவள் வரும்போது அந்தப் பேனர் அங்கே இருக்காது, இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். தாங்கள் அவிழ்க்காவிட்டால், கரி கனியும் இஸ்திரிப் பெட்டியோடு நானே ஏணியில் ஏறுவேன். சூடான பெட்டி பட்டால் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்பது என் தொழிலில் நான் அறிந்ததே. வழக்குப் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். முகவரி மேலே இருக்கிறது.

இடம்: என் கடை மேசை (வீட்டில் உட்காரக் காய்ந்த இடம் இல்லை)
தேதி: பிள்ளை பிறந்த வாரத்து வெள்ளிக்கிழமை

இங்ஙனம்,
பிள்ளையின் பெரியம்மா
(கையொப்பம்)