ரெண்டு கழிச்சுக்கோ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள். உன்னைப் பற்றிய செய்தியெல்லாம் அவள் வழியாகத்தான் வருகிறது என்பதால் நானும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் "சாப்பிட்டியா" என்பேன், நீ "ம்" என்பாய், பிறகு இருவருமே அம்மாவைத் தேடுவோம். எட்டு மாதமாக அதுதானே நடக்கிறது. கடிதத்தில் நடுவில் "ம்" போட முடியாது, பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். சிரிக்காதே. ஒரு காலண்டரை மாட்ட மூன்று ஓட்டை போட்டவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெட்டி நிற்கிறது.

ஏன் செய்தேன் என்பது உனக்குத் தெரியும். நீ பரீட்சைக்குப் போயிருந்தபோது வெள்ளையடிக்க ஆள் வந்தது. உன் படங்கள் பதினாலும் சுவரோரம் சாய்ந்திருந்தன. சுண்ணாம்பு தெறிக்குமே என்று எல்லாவற்றையும் சுருட்டி, நைலான் கயிற்றால் நாலு இடத்தில் இறுக்கிக் கட்டிப் பரணில் போட்டேன். முப்பது வருஷமாகப் பார்சல் ஆபீசில் கட்டுப் போடுகிறவன். கட்டு தளர்வாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு தடவை காபி குடித்தேன்.

நீ வந்து பிரித்துப் பார்த்தாய். தாளெல்லாம் வளைந்து, கயிறு இறுக்கிய தடம் பதிந்திருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். அடுத்த வாரமே அந்த ஊர் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாய். "அவருக்கு அது வெறும் பேப்பர்தாம்மா, இனிமே நான் வரையப் போறதில்ல" என்று நீ அடுப்படியில் சொன்னது முன்னறையில் கேட்டது. வீடு சின்னது அல்லவா.

போன மாதம் உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்தது நான்தான், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். நீ முன்பு விண்ணப்பித்திருந்த ஓவியப் பள்ளி. பெரிய தாளில் பத்துப் படமாவது, மடிப்பு கசங்கல் இல்லாமல், நேரில் கொண்டுவர வேண்டுமாம். கடைசி நாள் வரும் இருபதாம் தேதி. உடனே சொல்லுங்கள் என்றாள் அம்மா. வளைந்த படங்களை வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது? முதலில் நிமிர்த்துகிறேன் என்றேன்.

கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் இருக்கிறாரே, அவரிடம் போனேன். நான் கட்டிய விதத்தைக் கேட்டுவிட்டு, "பேப்பரை என்ன, மூட்டைன்னு நெனச்சீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியவில்லை. லேசாக ஈரக்காற்றுப் பட வைத்து, படத்துக்குப் படம் வெள்ளைத்தாள் கொடுத்து, மேலே பலகை போட்டுப் பாரம் வைக்கச் சொன்னார். வீட்டில் ஆக அதிகப் பாரம் நான்தான் என்று அம்மா கண்டுபிடித்தாள். மூன்று வாரம் பலகையின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் நான். புரளக்கூடாது என்று உத்தரவு.

நிமிர்ந்த தாளை மறுபடி எங்கே வைப்பது? ஓவியத்தாள் வைக்கிற இரும்பு அலமாரியின் விலையைக் கேட்டேன்; கேட்டதோடு சரி. அதனால் ஒட்டுப்பலகைதான். மூன்று தட்டு, ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம், இழுத்தால் வரும். சக்கரம் கிடையாது, மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டேன், வழுக்கிக்கொண்டு வருகிறது. தரையின் ஈரம் ஏறாமல் இருக்க அடியில் செங்கல். ஆபீசில் கிடந்த அட்டைகளை உள்ளே விரிக்கப் போனேன், அது தாளை மஞ்சளாக்கும் என்று சட்டக்காரர் தடுத்துவிட்டார். அதிலும் வெள்ளைத்தாள்தான்.

இனி என் வீரப்பிரதாபம். தாளை அளக்க அம்மாவின் தையல் டேப்பை எடுத்தேன். அதன் முதல் இரண்டு அங்குலத்தை நீ நாலு வயதில் பொம்மைக்கு பெல்ட் போட வெட்டிக்கொண்டாயே, ஞாபகமிருக்கிறதா? அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எதை அளந்தாலும் "ரெண்டு கழிச்சுக்கோ" என்று அம்மா ஒரு குரல் கொடுப்பாள். அன்றைக்குப் பார்த்து அவள் கடைக்குப் போயிருந்தாள். முப்பது அங்குலத் தாளை முப்பத்திரண்டு என்று எழுதினேன். இருபத்திரண்டை இருபத்திநாலு என்று எழுதினேன். பலகைக் கடைக்காரர் தன் இரும்பு டேப்பால் நான் சொன்னபடியே சுத்தமாக அறுத்துக் கொடுத்துவிட்டார்.

அடித்து முடித்துப் படத்தை வைத்தால், அப்பன் சட்டையைப் பிள்ளை போட்டது மாதிரி தொளதொள என்று கிடக்கிறது. அம்மா டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இதிலும் கோட்டை விட்டேனே என்று.

மறுநாள் சட்டக்காரர் வந்து பார்த்தார். தட்டை இழுத்து, ஓரத்தில் விரல்களை விட்டு, ஒரு படத்தை அலுங்காமல் தூக்கினார். "யார் சார் அளவு சொன்னது? தாளளவுக்கே பெட்டி செஞ்சா எப்படி எடுக்கறது, நகத்தால நோண்டியா? கை நுழைய எடம் விட்டிருக்கீங்களே" என்றார். என் மகள் சொன்ன அளவு என்றேன். பொய்யில்லை. வெட்டியது நீதானே.

பதினாலில் பன்னிரண்டு படங்கள் நன்றாக நிமிர்ந்துவிட்டன. பத்து போதும் என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? இரண்டில் மட்டும் கயிற்றுத் தடம் போகவில்லை. அதில் ஒன்றை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். குனிந்து பார்சல் கட்டுகிற ஓர் ஆள். வழுக்கை என்னுடையது, நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவதும் நானேதான். என்னை எப்போது வரைந்தாய்? தடம் சரியாக என் கழுத்துக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. நியாயமான இடம்தான். அந்தப் படத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு.

பள்ளிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படங்களை உன் ஊருக்கு அனுப்பலாமே என்று ஆபீசில் சொன்னார்கள். நான் கட்ட மாட்டேன் என்றேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவை தட்டில் கிடக்கட்டும், நீயே வந்து எடுத்துக்கொள். அடித்தட்டை நீ இனி வரையப்போகும் படங்களுக்கு விட்டிருக்கிறேன். அதில் இப்போதைக்கு வரையாத தாள் ஐந்து இருக்கிறது. கடையிலிருந்து சுருட்டாமல், பலகைக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்தேன்.

உன் கை எதைத் தொட்டாலும் விளங்கட்டும். இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு நாள், கதவைத் தட்டாமல் உள்ளே வா.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நைலான் கயிறு இப்போது அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. கேட்டாலும் கொடுப்பதில்லை.