மழை வந்துருச்சு, உள்ள வா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வைத்தாயா, இல்லை வழக்கம்போல ‘சரிம்மா’ என்று சொன்னதோடு சரியா?

போன் இருக்க, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதுபட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாசம் டிவியில் அந்தக் கார்ப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, ‘வர்ணனையில அப்பா பேசினதைக் கேட்டு அழுதுட்டேன்மா. இத்தனை வருஷம் கழிச்சு சுருட்டை மாமாவை எப்படி ஞாபகம் வெச்சிருக்காரு’ என்று செய்தி அனுப்பியிருந்தாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று மைதானமே அப்படித்தான் நினைத்தது.

நடந்தது வேறு. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நான் வர்ணனை அறையில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கூட வர்ணனை சொல்லும் அந்தப் பெண், மழை டயருக்கு யார் யார் மாறுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்து, ‘போதும்டா சுருட்டை. மழை வந்துருச்சு, உள்ள வா. நான் ஹெல்மெட் போட்டுட்டு நிக்கிறேன், மிச்சத்தை நான் ஓட்டிக்கிறேன்’ என்றார். உனக்கு நினைவிருக்கும், இரண்டு பேரும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இதே மைதானத்தின் இறக்கத்தில், இதே மாதிரி ஒரு மழையில்தான் கார் சறுக்கி சுருட்டை போய்ச் சேர்ந்தார். அன்றைக்கும் அப்பா ஹெல்மெட் போட்டுக்கொண்டு கார் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தார், கார் வரவே இல்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டதும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றவர்களை நான் பார்த்தேன். அஞ்சலி செலுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பி, ‘அவன் வந்துட்டானாம்மா?’ என்று கேட்டார். அவள் முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

அதற்குள் எழுந்து போய்விட்டார். நான் படியிறங்கி ஓடிப் பார்த்தால், கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் இடத்தில், மழையில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் ரசிகர்கள். ஒருவரும் படம் எடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் வைத்தார். அவர்களுக்கு அது மரியாதை. அவருக்கு அது காத்திருப்பு. அந்த வித்தியாசம் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

மறுநாள் சுருட்டையின் மனைவி போன் செய்தாள். ‘அவரை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சேன் அக்கா. அண்ணன் மறக்கலை’ என்று அழுதாள். ஆமாம்மா என்றேன்.

டாக்டரிடமும் போய் வந்தோம். அவரும் ரசிகர்தானாம். அறைக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அப்பா அந்தக் காலத்தில் ஓட்டிய பெரிய பந்தயத்தின் கடைசிச் சுற்றைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா வளைவு வளைவாக, கியர் கியராக, மேஜைமேல் கையை ஓட்டிக் காட்டினார். டாக்டர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘சரி சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?’ என்றார். அப்பா என்னைப் பார்த்தார். டாக்டர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மருந்துச் சீட்டு மேல் குனிந்துகொண்டார். இந்த மறதி குறையாது, மெதுவாகப் போகும்படி பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் சொன்னதன் சுருக்கம்.

டிவிக்காரர்களுக்கு இது தெரியாது. அடுத்த வருஷத்துக்கும் அவர்தான் வேண்டும் என்று நிர்வாகி வீட்டுக்கே வந்தார். அந்த மழை நாள் பேச்சை ஊரே கேட்டுவிட்டதாம். ‘அதே மாதிரி ரெண்டு வார்த்தை அப்பப்போ பேசினாப் போதும்மா’ என்றார். அவருக்கு உடம்பு சரியில்லை, இனி வரமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அன்று நல்ல தெளிவாக இருந்தார். கோபப்படவில்லை. ‘அவங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறப்பதான் நான் யாருன்னு எனக்குத் தெரியுது. அதையும் நிறுத்திட்டா எப்படி?’ என்றார். உன் கல்யாணத்தில்கூடப் பாதிக் கூட்டம் அவரோடு படம் எடுக்கத்தான் வந்தது என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, நானும் அந்தக் கூட்டத்தைத் திட்டாத நாளில்லை. இப்போது அவர்களிடமிருந்து அவரைப் பிரித்தது நான்தான். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பந்தயம். டிவியை நான் போடவில்லை. ஆனால் சாயங்காலம் வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவர் பேசாத பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்திலிருந்து நேரே வந்தவர்கள். ஒருவரும் மணியை அடிக்கவில்லை. அந்த நிர்வாகி ஏதாவது சொல்லியிருப்பார் போல, சும்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அப்பா திரையை விலக்கிப் பார்த்தார்.

‘யாருக்காக நிக்கிறாங்க?’ என்று கேட்டார்.

உங்களுக்காகத்தான் என்றேன்.

‘நான் என்ன பண்ணேன்?’

கார் ஓட்டினீங்க என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க் கேட்கிற மாதிரி, ‘நல்லா ஓட்டினேனா?’ என்று கேட்டார். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனேன். அவரைக் கண்டதும் அவர்கள் கை தட்டினார்கள். அவரும் திரும்பி, பக்கத்தில் நின்ற எனக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கை தட்டினார்.

கண்ணு, உன் வேலையும் அலைச்சலும் எனக்குத் தெரியும். லீவு கிடைக்கும்போது வா என்றுதான் எப்போதும் சொல்வேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. உன் போட்டோவைப் பார்த்து இன்றைக்குக் காலையில் உன் பேரைச் சரியாகச் சொன்னார். நாளைக்கும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா