பூக்களுக்கு விட்ட இடம்

காஞ்சிபுரம்
11.2.2024

அன்புள்ள சிட்டிபாபுவுக்கு,

மேரியும் அபியும் நலம்தானே? போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் தபால்.

மகாபலிபுரம் பக்கம் கட்டுகிற ஒரு ஓட்டலுக்குப் பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றை எட்டடி கேன்வாஸில் நகல் கேட்டிருக்கிறார்கள். பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாள ராஜா தேரில் தூக்கிப்போகும் கிரேக்கக் கதை. அசலையும் இரண்டு பேர்தான் சேர்ந்து வரைந்தார்களாம். ஆட்களை ஒருவர், பூக்களை மற்றவர். பதினாறு வருடம் நாம் செய்த மாதிரியே.

ஆட்களை முடித்துவிட்டேன். பூக்களுக்கு விட்ட இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரு வாரம் வந்து போயேன்.

உன்
மாணிக்கவேல்

ஸ்ரீபெரும்புதூர்
20.2.2024

மாணிக்கவேலுக்கு,

இங்கே கார் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் இருக்கிறேன். லீவு கிடைக்காது. கிடைத்தாலும் வரமாட்டேன்.

கல்யாண மண்டபத்தில் நம் படத்தைத் திறந்த அன்று, "கூட நிக்கிறவர் யாருபா?" என்று கேட்டார்கள். "கலர் கலக்கிக் குடுக்கிற ஆளு" என்றாய். படத்தின் கீழேயும் உன் பெயர் மட்டும். அபி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் கேட்டாள்: "ஏம்பா, நீ கலர் மட்டும்தான் கலக்கினு இருந்தியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு சரி, பிரஷைத் தொடவில்லை.

பூக்களை நீயே போடு. முதலில் நிழல். வெள்ளையைக் கடைசிவரை தொடாதே.

சிட்டிபாபு

காஞ்சிபுரம்
5.4.2024

அன்புள்ள சிட்டி,

நீ சொன்னபடியே போட்டேன். ஆனாலும் ரோஜாவெல்லாம் காகிதப் பூ மாதிரிதான் வந்தது. ஓட்டல்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அடியில் தகடு பதித்திருக்கிறார்கள், அசலை வரைந்த இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

அன்று மண்டபத்தில் எங்கள் பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். நீ எங்கள் தெருவுக்கு வந்து போவதே அவருக்குப் பிடிக்காது. உனக்கும் தெரியும். அவருக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். வேறு காரணம் இல்லை. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று வருடமாக வாய் வரவில்லை.

14ஆம் தேதி ஞாயிறு பஸ் ஏறி வருகிறேன். அபியிடம் நானே சொல்கிறேன், மண்டபத்துப் படத்தில் பூக்களை வரைந்தது யார் என்று.

உன்
மாணிக்கம்

ஸ்ரீபெரும்புதூர்
10.4.2024

மாணிக்கம்,

உன் கடிதத்தை அபியிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "பாவம்பா அவரு" என்றாள். எனக்கும் இப்போது கோபம் இல்லை.

ஆனால் ஞாயிறு வராதே. வந்தால் மேரி காபி கொடுப்பாள். நானும் சிரித்துப் பேசுவேன். உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மறுபடி பிரஷைத் தொடத் தோன்றும். அது வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிட்டிபாபு